25 வருடமாக நல்லது செய்தும் பாவம் போகாதா? பிரசங்கம் கேட்டுவிட்டு வந்த அப்பா சாப்பிடவே இல்லை

மூன்றாம்பெஞ்ச் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் திருநெல்வேலிப் பக்கம், நாலு தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள். நான் கோயிலுக்குப் போவது கிறிஸ்துமஸ், பெரிய வெள்ளி, அப்புறம் யார் வீட்டுக் கல்யாணமாவது வந்தால். அப்பா அப்படி இல்லை, ஒரு ஞாயிறு விடமாட்டார்.

விஷயம் இதுதான். 1999-ல் அப்பா தெருவில் ஏலச்சீட்டு நடத்திக்கொண்டிருந்தார். இரண்டு பேர் சீட்டை எடுத்துவிட்டுக் கட்டாமல் ஓடிவிட, அப்பாவால் புரட்ட முடியவில்லை. கடைசியாகப் பணம் எடுக்க வேண்டியவர் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளித் தையல் மெஷின் வைத்திருந்த ஒரு அத்தை. சொந்தமில்லை, ஆனால் நாங்கள் எல்லாரும் அத்தை என்றுதான் கூப்பிடுவோம். புருஷன் இல்லை, மகள் கல்யாணத்துக்கென்று கட்டி வந்த பணம், 40 ஆயிரம். கைக்கு வந்த மிச்சத்தை அவருக்குக் கொடுக்காமல் அதை வைத்தே விசா எடுத்து அப்பா மஸ்கட் போய்விட்டார். அந்தக் கல்யாணம் நின்றுபோனது.

அப்பா திரும்பி வந்தபோது அத்தை ஊரில் இல்லை, தூத்துக்குடிப் பக்கம் தம்பி வீட்டோடு போய்விட்டார்கள். அப்பா தேடிப் போகவில்லை, "எந்த மூஞ்சியோட போவேன்" என்பார். அதற்குப் பதிலாக மற்ற எல்லாம் செய்கிறார். மூன்று பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம், கோயிலுக்கு மைக் செட், வருடா வருடம் அசனத்துக்கு (கோயிலில் எல்லாருக்கும் போடும் சாப்பாட்டுக்கு) அரிசி மூட்டை, யாராவது ஆஸ்பத்திரியில் படுத்தால் முதலில் ஃபிளாஸ்க்கோடு நிற்பது அவர்தான்.

போன மாதம் பீரோவில் நிலப் பத்திரம் தேடியபோது ஒரு கோடு போட்ட நோட்டு கிடைத்தது. முதல் பக்கத்தில் சிவப்பு மையில் 40,000, அவ்வளவுதான். அதற்கு அடுத்த பக்கத்திலிருந்து நீல மையில் தேதி போட்டு, அரிசி 2 மூட்டை, ஸ்கூல் ஃபீஸ், ரத்த தானம் (இதற்கு எதிரே தொகை இல்லை, ஒரு டிக் மட்டும்). கடைசியாகக் கூட்டியிருந்தது 6 லட்சத்தைத் தாண்டிவிட்டது. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது, உண்மையாகவே.

இப்போது இரண்டு வாரம் முன்பு பிரசங்கத்தில் ஏசாயா 64:6, "எங்களுடைய நீதிகளெல்லாம் அழுக்கான கந்தைபோல இருக்கிறது". நீ மலையளவு புண்ணியம் செய்தாலும் ஒரு பாவத்தைக் கூட அது அழிக்காது என்று போதகர் அழுத்திச் சொன்னாராம். அப்பா வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தவர்தான், மத்தியானம் சாப்பிடவில்லை.

என் கேள்வி: 40 ஆயிரத்துக்கு 6 லட்சம் கொடுத்தவனை எந்த வட்டிக்கடைக்காரன் கூட விட்டுவிடுவான், கடவுள் விடமாட்டாரா? அதே மதத்தில் இயேசுவுக்குப் பக்கத்துச் சிலுவையில் தொங்கிய கள்ளன் கடைசி நிமிடத்தில் ஒரு வார்த்தை சொல்லிப் பரதீசுக்குப் போகிறான். இதில் என்ன நியாயம்?

ஞாயிறுபள்ளி_டீச்சர் எழுதியது:

தம்பி, உங்கள் போதகர் சொன்னது சரி, ஆனால் பாதியில் நிறுத்திவிட்டார் போலிருக்கிறது. பாதி மருந்து சில நேரம் விஷம்.

முதலில் அந்த நோட்டு. உங்களை நோகடிக்கச் சொல்லவில்லை, ஆனால் ஒன்று கவனித்தீர்களா? சிவப்பு மையில் இருக்கிற 40,000 ஒருத்தருடையது. நீல மையில் இருக்கிற 6 லட்சத்தில் ஒரு ரூபாய் கூட அவருக்குப் போகவில்லை. நான் உங்களிடம் கைமாற்று வாங்கிவிட்டு, பக்கத்துத் தெருவில் அன்னதானம் போட்டுவிட்டு, "கணக்கு தீர்ந்தது" என்று நானே எழுதிக்கொண்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? வட்டிக்கடைக்காரன் விடுவான் என்கிறீர்களே, அவன் கையில் கொடுத்தால்தானே விடுவான்.

கடவுளிடமும் கிட்டத்தட்ட இதே சிக்கல்தான், ஒரு படி கூடுதலாக. நல்லது செய்வது கடவுளுக்கு நாம் கொடுக்கும் உபரி இல்லை, எப்படியும் செய்ய வேண்டியது. லூக்கா 17-ல் இயேசுவே சொல்கிறார், எல்லாம் செய்து முடித்த பிறகும் 'செய்ய வேண்டிய கடமையைத்தான் செய்தோம்' என்று சொல்லுங்கள் என்று. வாடகை வீட்டில் இருந்தவர்களுக்கு இது உடனே புரியும். மூன்று மாத பாக்கி நிற்கும்போது இந்த மாத வாடகையை ஒன்றாம் தேதியே கொண்டுபோய்க் கொடுத்தால் வீட்டுக்காரர் சந்தோஷப்படுவார், ஆனால் பாக்கி பாக்கிதான். 1098-ல் ஆன்செல்ம் என்கிற கான்டர்பரி பேராயர் இதையே ஒரு உரையாடலாக எழுதி முடித்தார். போசோ என்கிற சீடர், கடவுளுக்கு ஈடாக மனஸ்தாபம் கொடுப்பேன், உபவாசம் கொடுப்பேன், தானம் கொடுப்பேன் என்று அடுக்குவார். ஆன்செல்ம், நீ பாவமே செய்யாமல் இருந்திருந்தாலும் இதெல்லாம் கொடுக்க வேண்டியதுதானே, பாவத்துக்கென்று தனியாக என்ன வைத்திருக்கிறாய் என்று கேட்பார். போசோவிடம் பதில் இருக்காது.

இப்போது போதகர் சொல்லாமல் விட்ட மிச்சம். கொலோசெயர் 2:14-ல் நமக்கு விரோதமாக இருந்த கையெழுத்தைக் குலைத்து சிலுவையில் ஆணியடித்தார் என்று வரும். நான் வெகுநாள் அந்தக் 'கையெழுத்து' என்றால் ஏதோ எழுத்து என்று நினைத்துப் படித்துக்கொண்டிருந்தேன். கிரேக்கத்தில் அது கெய்ரோகிராஃபோன், கடன் வாங்கியவன் தன் கைப்பட எழுதிக் கொடுக்கும் சீட்டு. நம் ஊர் பாஷையில் புரோநோட்டு. புரோநோட்டை யார் கிழிக்கலாம்? கடன் கொடுத்தவர் மட்டும்தான். வாங்கியவன் கிழித்தால் அதற்குப் பெயர் மோசடி. நல்ல கிரியைகளால் குற்றத்தை அழிக்கிறேன் என்பது வாங்கியவனே கிழிக்கப் பார்ப்பது. கிறிஸ்தவம் சொல்வது, கொடுத்தவரே இழப்பைத் தன்மேல் போட்டுக்கொண்டு கிழித்தார் என்பது. கள்ளனுக்கு நடந்ததும் அதுதான், அவனிடம் நோட்டில் எழுத ஒன்றுமே இல்லை, கை கால் கூட ஆணியில் இருந்தது.

பகுத்தறிவு_77 எழுதியது:

டீச்சரம்மா, புரோநோட்டு உவமை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதையே திருப்பிக் கேட்கிறேன். ஏமாந்தது தையல்கார அம்மா. கல்யாணம் நின்றது அவர் மகளுக்கு. அப்புறம் கடவுள் யார் நடுவில் வந்து 'நான் மன்னித்துவிட்டேன்' என்று சொல்ல? அந்த அம்மாவிடம் யாராவது கேட்டார்களா? எனக்கு மதத்தில் பிடிக்காததே இதுதான், அடி வாங்கியவன் ஒரு பக்கம் கிடப்பான், அடித்தவன் மேலிடத்தில் பேசி முடித்துக்கொண்டு வெள்ளைச் சட்டை போட்டு வருவான்.

மணப்பாடு_காற்று எழுதியது:

77 அண்ணன் கேட்டது நியாயமான கேள்வி. நான் கத்தோலிக்கன், அதனால் எங்கள் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன்.

வெளியிலிருந்து பார்ப்பவர்கள் கத்தோலிக்கர்கள் நற்செயலால் பாவம் போகும் என்று நம்புகிறார்கள் என நினைக்கிறார்கள், எங்கள் ஆட்களிலும் நிறையப் பேர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் (எங்கள் பாட்டி உட்பட, அவருக்கு ஒவ்வொரு ஜெபமாலைக்கும் ஒரு கணக்கு உண்டு). ஆனால் புராட்டஸ்டண்ட் பிரிவைத் தொடங்கிவைத்த லூத்தருக்கு எதிராகக் கூடிய எங்கள் திருச்சபையின் திரெந்து சங்கமே 1547-ல் போட்ட முதல் விதி, கிறிஸ்துவின் அருள் இல்லாமல் மனிதன் தன் செயல்களால் கடவுள் முன் நீதிமானாக முடியும் என்பவன் சபைக்குப் புறம்பு என்பதுதான். சண்டை வேறு இடத்தில், அருள் வந்த பிறகு செயலுக்கு என்ன இடம் என்பதில். அதிலும் 1999 அக்டோபர் 31-ல் லூத்தரன்களும் கத்தோலிக்கர்களும் ஜெர்மனியில் அவுக்ஸ்பூர்க்கில் கூட்டறிக்கையில் கையெழுத்துப் போட்டு, அடிப்படையில் ஒத்துப்போகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். உங்கள் அப்பா சீட்டு ஓடிய அதே வருடம், பாருங்கள்.

பாவசங்கீர்த்தனத்தில், அதாவது குருவானவரிடம் பாவத்தை அறிக்கையிடும்போது, நான் போய் 'சாமி, ஒருத்தர் பணத்தை எடுத்துவிட்டேன்' என்று சொன்னால் அவர் முதலில் கேட்பது 'திருப்பிக் கொடுத்தாயா?' என்றுதான். திருடிய பொருளை உரியவருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் திருச்சபையின் போதனை நூலான மறைக்கல்வி ஏட்டிலேயே இருக்கிறது. பத்துத் தடவை 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொன்னால் அந்த அத்தையின் 40 ஆயிரம் அவர் கைக்குப் போய்விடாது, எந்தச் சாமியாரும் அப்படிச் சொல்லமாட்டார்.

பழைய ஏற்பாட்டில் இன்னும் கறாராக இருக்கிறது. லேவியராகமம் 6-ஐ எடுத்துப் பாருங்கள். அயலானை ஏமாற்றியவன் குற்றநிவாரண பலி கொண்டு வருகிற அன்றே, முதலையும் அதோடு ஐந்தில் ஒரு பங்கையும் உடையவனுக்குக் கொடுக்க வேண்டும். ஆடு கோயிலுக்கு, பணம் ஏமாந்தவனுக்கு. ஒன்றைக் கொடுத்து மற்றதைச் சரிக்கட்ட முடியாது. 40 ஆயிரத்துக்கு ஐந்தில் ஒரு பங்கு 8 ஆயிரம், ஆக 48. அது சட்டக் கணக்கு. 1999-ல் 40 ஆயிரத்துக்குப் பத்துப் பவுனுக்கு மேலேயே வாங்கியிருக்கலாம், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறுபள்ளி_டீச்சர் எழுதியது:

77 சாருக்கு. நீங்கள் கேட்டது எனக்கும் பல வருடம் உறுத்திய விஷயம், அதனால் மழுப்பாமல் எழுதுகிறேன்.

தாவீது ராஜா தன் படைவீரன் உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு, அந்த உரியாவையே யுத்தமுனையில் நிறுத்திக் கொல்லவும் வைத்தார். அப்புறம் 51-ம் சங்கீதத்தில் 'தேவரீர் ஒருவருக்கே விரோதமாக நான் பாவஞ்செய்தேன்' என்கிறார். முதல் தடவை கவனித்துப் படித்தபோது எனக்குக் கோபமே வந்தது. ஒருவருக்கேயா? செத்தவன் யார் கணக்கில்?

ஆனால் நாத்தான் தீர்க்கதரிசி வந்து ஏழையின் ஒற்றை ஆட்டுக்குட்டியைப் பணக்காரன் பிடுங்கின கதையைச் சொல்லும்போது தாவீது என்ன சொல்கிறார்? நாலத்தனையாகத் திரும்பக் கொடுக்க வேண்டும் என்று. ஆட்டுக்குட்டி என்றால் நாலாகக் கொடுக்கலாம். உரியாவுக்கு நாலு உரியா எங்கே போய் வாங்குவது? தாவீதிடம் பொன்னும் வெள்ளியும் கொட்டிக் கிடந்தது, நூறு சத்திரம் கட்டியிருக்கலாம், உரியா கல்லறையை விட்டு எழுந்து வரமாட்டார். அதனால்தான் அதே சங்கீதத்தில், பலியை நீர் விரும்புகிறதில்லை, விரும்பினால் செலுத்துவேன் என்று கையை விரித்துவிடுகிறார். ராஜாவுக்கு அது எவ்வளவு கஷ்டமான வார்த்தை என்று யோசியுங்கள், எதையும் கொடுத்து முடித்துப் பழகினவர்.

உரியா கடவுளுடையவன், கடவுள் கையால் உண்டானவன், அவனைத் தொட்டது அவனோடு நின்றுபோகவில்லை. 'ஒருவருக்கே' என்பதை இப்போது நான் அப்படித்தான் படிக்கிறேன். அந்த அத்தையை ஏமாற்றியதும் அப்படியே. ஆக ஒரே செயலுக்கு இரண்டு புரோநோட்டு. ஒன்று மேலே, ஒன்று தூத்துக்குடியில். மேலே உள்ளதைக் கடவுள் கிழித்தார் என்பதால் தூத்துக்குடி நோட்டு கிழிந்துவிடாது. அதைக் கிழிக்கிற உரிமை அத்தைக்குத்தான், அவர் கிழிக்கமாட்டேன் என்றாலும் நாம் ஒன்றும் சொல்ல முடியாது. 'மேலிடத்தில் பேசி முடித்துக்கொண்டு' வருகிறவர்கள் எங்கள் சபைகளில் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் இயேசு மத்தேயு 5-ல் சொன்னதே அதற்கு நேர் எதிர். காணிக்கையோடு பலிபீடம் வரைக்கும் வந்துவிட்டாயா, உன்மேல் சகோதரனுக்குக் குறை உண்டென்று அங்கே ஞாபகம் வந்ததா, காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு. மைக் செட்டை மேடையிலேயே வைத்துவிட்டு பஸ் ஏறு என்கிறார்.

திருவரங்கன் எழுதியது:

கிறிஸ்தவ விஷயத்தில் மூக்கை நுழைக்கிறேன், தப்பாக எடுக்க வேண்டாம். 'மலையளவு புண்ணியம்' என்று மூன்றாம்பெஞ்ச் எழுதியதைப் பார்த்ததும் தோன்றியது. புண்ணியத்தைப் போட்டுப் பாவத்தைக் கழிக்கலாம் என்பது நம் ஊர்ப் பழக்கத்தில் இருக்கிறது, உண்டியலில் போடுகிறவன் பாதிப் பேர் அந்தக் கணக்கில்தான் போடுகிறான். ஆனால் நம் சாத்திரம் அப்படிச் சொல்லவில்லை. சைவத்தில் நல்வினையும் கட்டு, தீவினையும் கட்டு, ஒன்று பொன் விலங்கு, மற்றது இரும்பு விலங்கு. வள்ளுவரே ஐந்தாம் குறளில் 'இருள்சேர் இருவினையும்' என்று இரண்டையும் சேர்த்துத்தான் சொல்கிறார்.

எங்கள் வைணவத்தில் சண்டையே இதைப் பற்றித்தான், பெருமாள் அருளுக்கு நம் பக்கத்திலிருந்து முயற்சி வேண்டுமா என்று. குரங்குக் குட்டி தாயைத் தானே இறுகப் பிடித்துக்கொள்ளும் என்பது வடகலை, பூனை குட்டியைக் கவ்வித் தூக்கிப் போகும், குட்டி சும்மா இருந்தால் போதும் என்பது தென்கலை. அவுக்ஸ்பூர்க்கில் கையெழுத்துப் போட்டுச் சமாதானமானார்களாம், எங்களுக்கு அந்த பாக்கியம் இன்னும் வாய்க்கவில்லை.

பகுத்தறிவு_77 எழுதியது:

டீச்சரம்மா, இரண்டு நோட்டு என்று நீங்கள் பிரித்தது எனக்கு ஓரளவு ஒப்பாக இருக்கிறது. இருந்தாலும் ஒன்று. செயலால் பயனில்லை, எல்லாம் இலவசம் என்றால் எவன் நல்லது செய்வான்?

ஞாயிறுபள்ளி_டீச்சர் எழுதியது:

இதை பவுலிடமே கேட்டிருக்கிறார்கள் சார், ரோமர் 6 அந்தக் கேள்வியோடுதான் ஆரம்பிக்கிறது, கிருபை பெருகும்படிக்குப் பாவத்திலே நிலைநிற்கலாமா என்று. 'மலிவான கிருபை' என்று இதைத் திட்டி எழுதிய போன்ஹோஃபர் ஒரு லூத்தரன் போதகர், 1945-ல் நாஜிகள் அவரைத் தூக்கில் போட்டார்கள். ஆகவே உள்ளேயே இந்தச் சண்டை உண்டு.

என் அனுபவத்தில், வேதத்தில் வரும் வரிவசூல்காரன் சகேயு கதையில்தான் விடை இருக்கிறது, வரிசையைப் பாருங்கள். இயேசு முதலில் அவன் வீட்டுக்கு வருகிறேன் என்கிறார். அப்போது அவன் ஒரு காசு கொடுக்கவில்லை, மரத்தில் உட்கார்ந்திருக்கிறான். வருகிறேன் என்ற பிறகுதான் பாதி ஆஸ்தி ஏழைகளுக்கு, ஏமாற்றினவர்களுக்கு நாலத்தனை. கணக்கு முடிப்பதற்காகக் கொடுக்கிறவனுக்கு 'போதுமா, போதுமா' என்று இருந்துகொண்டே இருக்கும். லூத்தர் 1505-ல் மடத்தில் சேர்ந்து உபவாசம், விழிப்பு எல்லாம் இருந்து, மணிக்கணக்கில் பாவசங்கீர்த்தனம் செய்து, ஏதாவது விட்டுப்போயிற்றா என்று திரும்பத் திரும்ப ஓடி வந்த மனிதர். தம்பி, உங்கள் அப்பா 6 லட்சத்துக்குப் பிறகும் நோட்டை மூடவில்லையே, 40 ஆயிரம் தாண்டின அன்றே மூடியிருக்கலாமே. அவருக்கே தெரியும் அது தீரவில்லை என்று. அவர் செய்ததெல்லாம் கந்தை என்று அவரிடம் சொல்லாதீர்கள், அந்த மூன்று பிள்ளைகள் படித்தது உண்மை. பழைய பாக்கிக்கு அதை ரசீதாக நீட்ட முடியாது, அவ்வளவுதான்.

மூன்றாம்பெஞ்ச் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ஞாயிறு ராத்திரி இந்த இழையை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். நோட்டை நான் பார்த்துவிட்டேன் என்பதே அவருக்கு அப்போதுதான் தெரியும், முதலில் கோபப்பட்டார். அப்புறம் லேவியராகமம் வந்த இடத்தில் "திரும்பப் படி" என்றார். தானே வேதத்தை எடுத்துக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். "நாப்பதுக்கு எட்டா?" என்று மட்டும் கேட்டார். பவுன் கணக்கைச் சொன்னேன், பேசவில்லை.

அத்தையின் நம்பர் பழைய தெருக்காரர் ஒருவரிடம் கிடைத்தது. மகள்தான் எடுத்தார். நான் யார் என்று சொன்னதும் ரொம்ப நேரம் சத்தமே இல்லை. அம்மாவிடம் சொல்கிறேன், அவர் உங்களைப் பார்ப்பாரா என்று எனக்குத் தெரியாது என்றார். மறுநாள் அவரே கூப்பிட்டு, வியாழக்கிழமை வாருங்கள், ஆனால் அம்மா என்ன பேசுவார் என்று நான் பொறுப்பில்லை என்றார்.

அப்பா சரி என்றிருக்கிறார். பாங்கில் போய்ப் பணமும் எடுத்துவிட்டார், எவ்வளவு என்று என்னிடம் சொல்லவில்லை. ஆனால் இன்று காலையிலிருந்து முழங்கால் வலிக்கிறது, அவ்வளவு தூரம் பஸ்ஸில் உட்கார முடியுமா என்று தெரியவில்லை என்கிறார்.

மணப்பாடு_காற்று எழுதியது:

கார் வைத்துக் கூட்டிக்கொண்டு போங்கள் தம்பி. முன் சீட்டில் உட்காரச் சொல்லுங்கள், கால் நீட்ட வசதியாக இருக்கும்.